அதே கல், அதே ரோப் – பிறகு ஏன் அறுகிறது?



சென்ற மாதப் பகுதிக் கூட்டத்தில் கடன் கணக்கெல்லாம் பார்த்து முடித்து டீ குடிக்கும் நேரத்தில் ஒரு அக்கா ஒரு கேள்வி கேட்டார். அவர் குழுவில் நாலைந்து பேர் கிணறு வெட்டும் வேலைக்குப் போகிறவர்கள். "கல்லு தெனமும் தூக்கற அளவுதானுங்க. தொட்டியும் அதேதான். ரோப்பும் முந்தாநாள் வரைக்கும் தூக்கின ரோப்புதான். அப்புறம் ஏனுங்க அறுந்துச்சு?"

நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. தொட்டி விழுந்த இடத்தில் கொஞ்சம் முன்பு வரைக்கும் மூன்று பெண்கள் குனிந்து கல் அள்ளிக் கொண்டிருந்தார்கள். டீ வந்ததால் ஓரமாகப் போயிருந்தார்கள். அவ்வளவுதான்.

"நேரம் சரியில்லை" என்று ஒருவர் சொன்னார். ஒரு வகையில் அது சரிதான். ஆனால் அவர் சொன்ன நேரம் வேறு. ரோப்புக்குத் தெரிந்த நேரம், தூக்க ஆரம்பிக்கும்போது எவ்வளவு நேரத்தில் தொட்டி வேகம் எடுத்தது என்பது. அதைத்தான் இந்த மாதம் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். வட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

நம்ம பக்கம் கிணறு என்றால் சும்மா பத்து அடி, இருபது அடி இல்லை. பல்லடம், சூலூர், அன்னூர், சுல்தான்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கீழே கெட்டிப் பாறை. நூறு அடியைத் தாண்டின கிணறுகள் ஏராளம். வேட்டு வைத்து உடைத்த கல்லை ஆண்களும் பெண்களும் இரும்புத் தொட்டியில் அள்ளிப் போட, மேலே இருக்கும் கிரேன் அதைத் தூக்குகிறது. டீசல் எஞ்சின், ஒரு டிரம், ஒரு லீவர், ஒரு பிரேக், கம்பி ரோப். கீழே இருப்பவர்களின் உயிர் அந்த ஒற்றை ரோப்பில்தான் தொங்குகிறது. எஞ்சினைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ரோப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடிய ஒரு சோதனை. பழைய பேப்பர் வாங்க வருகிறவர் கையில் ஒரு ஸ்பிரிங் தராசு வைத்திருப்பார், கொக்கியில் மாட்டித் தூக்கினால் முள் எடையைக் காட்டும். அதைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குங்கள். அதில் 5 கிலோ அரிசிப் பையை மாட்டி மெதுவாகத் தூக்குங்கள். முள் 5-இல் நிற்கும். இப்போது பையைத் தரையில் வைத்து, வெடுக்கென்று மேலே இழுங்கள். முள் 7, 8 என்று ஒரு தரம் ஓடிப் போய்விட்டுத் திரும்பி 5-க்கு வரும். அரிசி கூடவில்லை. ஆனால் கொக்கி தாங்கின பாரம் கூடியது. ஓடிப் போன அந்த முள்தான் நம்முடைய முழு விஷயமும்.

ஏன் அப்படி? கயிற்றுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பொருள் கீழே விழாமல் தாங்குவது. இதற்குப் பொருளின் எடை அளவு இழுத்தால் போதும். இரண்டாவது, சும்மா கிடந்த பொருளை ஓட வைப்பது. நின்று கிடக்கும் தள்ளுவண்டியை முதலில் நகர்த்தும்போது எவ்வளவு தம் பிடிக்க வேண்டியிருக்கிறது, ஓட ஆரம்பித்த பிறகு எவ்வளவு லேசாகப் போகிறது, அது மாதிரி. இந்த இரண்டாவது வேலைக்குத் தனியாகக் கூடுதல் இழுவை வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்க வைக்கிறோமோ அவ்வளவு கூடுதல். வேகம் கூடிக் கொண்டே போவதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் முடுக்கம் என்பார்கள். கயிறு இழுக்கும் இழுப்புக்கு இழுவிசை என்று பேர். உங்கள் பிள்ளை பத்தாவது படித்தால் அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், முதல் பாடமே இயக்க விதிகள்தான். லிஃப்டில் ஏறும்போது உடம்பு கனப்பது போலத் தோன்றுவது ஏன் என்று அதில் இருக்கிறது. நியூட்டன் 1687-இல் எழுதி வைத்த விதி. கிணற்றுத் தொட்டிக்கும் அதே விதிதான்.

நாம் இதை நம் பாஷையில் வைத்துக் கொள்வோம். எடை என்பது அசல். வெடுக்கு என்பது வட்டி. கயிறு கட்ட வேண்டியது அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே ஒரு வித்தியாசம்: பேங்கில் நாள் ஆக ஆக வட்டி ஏறும். இங்கே நேரம் குறையக் குறைய வட்டி ஏறும்.

கணக்கைப் போடுவோம்

தொட்டியும் கல்லும் சேர்ந்து 300 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். தொட்டி ஒரு விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மேலே போகிறது, அதாவது மூன்றேகால் அடி. நூறு அடிக் கிணற்றில் அரை நிமிடத்தில் மேலே வந்து சேரும்.

வட்டி கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். தொட்டி எடுத்த வேகத்தை (விநாடிக்கு எத்தனை மீட்டர்) அந்த வேகத்துக்கு வர ஆன நேரத்தால் (விநாடியில்) வகுக்கவும். அதுதான் முடுக்கம். அதை 10-ஆல் வகுக்கவும். வந்த விடையை எடையோடு பெருக்கினால் வட்டி. 10 எங்கிருந்து வந்தது என்றால், கையை விட்ட எந்தப் பொருளும் பூமியின் ஈர்ப்பால் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் வேகம் கூடி விழும். வாய்க் கணக்குக்காக அதை 10 என்று வைத்துக் கொள்கிறோம்.

கிரேன் ஓட்டுபவர் பொறுமைசாலி, லீவரை மெள்ள விட்டு ஒரு விநாடியில் அந்த வேகத்துக்குக் கொண்டு வருகிறார். 1-ஐ 1-ஆல் வகுத்தால் 1. அதை 10-ஆல் வகுத்தால் பத்தில் ஒரு பங்கு. 300-க்கு வட்டி 30 கிலோ. ரோப் தாங்குவது 330.

அடுத்த ஆள் அவசரக்காரர், கால் விநாடியில் எடுத்து விடுகிறார். 1-ஐக் காலால் வகுத்தால் 4. பத்தில் நாலு பங்கு. வட்டி 120. ரோப் தாங்குவது 420.

மூன்றாவது, லீவரைப் படாரென்று தட்டி விடுகிறவர். விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், கண்ணிமைக்கிற நேரம் கூட இல்லை. 1-ஐப் பத்தில் ஒன்றால் வகுத்தால் 10. அதை 10-ஆல் வகுத்தால் 1. அதாவது வட்டியே அசல் அளவு! 300 கிலோ தொட்டிக்கு ரோப் தாங்குவது 600. கந்து வட்டிக்காரன் கூட இவ்வளவு சீக்கிரம் இரட்டிப்பாக்க மாட்டான்.

இதில் நிறையப் பேர் தப்பாகப் புரிந்து கொள்கிற ஒரு விஷயம் இருக்கிறது. "வேகமா தூக்கினா ரோப்புக்கு ஆபத்து" என்று சொல்கிறோம். வேகம் ஆபத்து இல்லை. ஒரே சீராகப் போகும்போது, மெதுவாகப் போனாலும் விரசலாகப் போனாலும், ரோப்பில் இருப்பது வெறும் 300 கிலோதான், வட்டியே கிடையாது. வேகம் மாறும்போதுதான் வட்டி. எனவே கிரேன்காரரிடம் "மெதுவா ஓட்டுங்க" என்று சொன்னால் மட்டும் போதாது. "எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் மெள்ள" என்று சொல்ல வேண்டும். நடுவில் அவர் எப்படிப் போனாலும் ரோப்புக்குக் கவலை இல்லை. அவருக்கும் நடை குறையாது, கூலியும் குறையாது.

இறக்கும்போது கணக்கு தலைகீழ். மோட்டாரையோ சிமெண்ட் உறையையோ கிணற்றில் இறக்கும்போது, இறங்க ஆரம்பிக்கையில் ரோப் லேசாகிறது. நிறுத்துகையில் கனக்கிறது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்குகிற பாரத்தை விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் பிரேக் போட்டு நிறுத்தினால், போட்டுப் பாருங்கள், அங்கேயும் இரட்டிப்பு வருகிறது. மேலே போகிற தொட்டியைச் சட்டென்று நிறுத்தினால் அது ஒரு துள்ளு துள்ளும். அந்த ஒரு நொடி ரோப் தொளதொள என்று ஆகிவிட்டுத் திரும்பத் தொட்டி ரோப்பில் விழும். அந்தத் தொளதொளப்புதான் எல்லாவற்றையும் விட மோசம்.

தொளதொள ரோப்

இதுவரை சொன்னது இரட்டிப்பு வரைக்கும்தான். ரோப் அறுவது பெரும்பாலும் இரட்டிப்பால் இல்லை. புது ரோப் அதையெல்லாம் சிரித்துக் கொண்டே தாங்கும். கிணற்றில் நடப்பது வேறு. தொட்டி ஏறி வரும்போது சுவரில் நீட்டிக் கொண்டிருக்கும் பாறை முனையில் மாட்டிக் கொள்கிறது. மேலே இருப்பவர் அதை எடுத்துவிடக் கொஞ்சம் ரோப்பை விடுகிறார். தொட்டி முனை மேல் உட்கார்ந்திருக்க, ரோப் தொங்கிப் போகிறது. பிறகு தொட்டி வழுக்குகிறது. ஒரு மீட்டர் சும்மா விழுந்து ரோப் இழுத்துப் பிடிக்கிறது.

இதற்குக் கணக்கு இன்னும் சுலபம். எவ்வளவு தூரம் விழுந்தது, எவ்வளவு தூரத்துக்குள் ரோப் அதை நிறுத்தியது, இரண்டு மட்டும் வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மடங்கு. 1 மீட்டர் விழுந்தது, ரோப்பும் கிரேன் கையும் சேர்ந்து நெளிந்து கொடுத்து 10 சென்டிமீட்டரில் நிறுத்தியது என்றால், 100-ஐ 10-ஆல் வகுத்தால் 10, ஒன்று கூட்டினால் 11 மடங்கு. 300 கிலோ தொட்டிக்கு 3,300 கிலோ. இதுவும் சராசரிதான். உச்சத்தில் அதற்கும் மேலே போகும்.

புது 12 மில்லிமீட்டர் கம்பி ரோப் சாதாரணமாக 7 டன்னுக்கு மேல்தான் அறும் (ரகத்துக்கு ரகம் மாறும், வாங்கும்போது சான்றிதழ் கேளுங்கள்). "7 டன் தாங்கற ரோப்பு, 300 கிலோவுக்கு என்ன பயம்" என்று சொல்வது இதனால்தான். ஆனால் அந்த ரோப் தேய்ந்து, துருப்பிடித்து, பாதிக் கம்பி போய்விட்டால் மிச்சம் மூன்றரை டன். வழுக்கி விழுந்த தொட்டி அதை எட்டிப் பிடித்துவிடும். நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு இணைத்திருந்தால் முடிச்சு போட்ட இடத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அது இன்னொரு கணக்கு.

நெளிந்து கொடுக்கிற கயிறு நல்லது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. நிறுத்துகிற தூரம் 10-க்குப் பதில் 50 சென்டிமீட்டர் ஆனால் 11 மடங்கு 3 மடங்காக இறங்கிவிடும். மலை ஏறுகிறவர்கள் கட்டிக் கொள்ளும் கயிறு ரப்பர் மாதிரி நீளுவது அதற்காகத்தான். கம்பி ரோப் அப்படி நீளாது. அது தேய்மானத்துக்கும் பாறை உரசலுக்கும் தாங்கும், வெடுக்கை மன்னிக்காது.

"நேத்து தூக்கின ரோப் இன்னைக்கு ஏன்" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? ஜெர்மனியில் கிளவுஸ்தால் என்ற ஊரில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. அங்கே வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்று ஒரு சுரங்க அதிகாரி. பாரம் தூக்கும் இரும்புச் சங்கிலிகள் திடீர் திடீரென்று அறுந்ததால், ஒரே சங்கிலியில் பாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிச் சோதித்தார். ஒரே தடவையில் சங்கிலியை அறுக்க முடியாத பாரம் கூட, ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் அறுத்துவிடும் என்று கண்டார். 1837-இல் அதை எழுதி வெளியிட்டார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1834-இல், மூன்று புரி, புரிக்கு நாலு கம்பி என்று முறுக்கி ஒரு கம்பி ரோப் செய்து சுரங்கத்தில் மாட்டிவிட்டார். சங்கிலியில் ஒரு வளையம் போனால் எல்லாம் போச்சு. ரோப்பில் ஒரு கம்பி போனால் மற்றவை தாங்கும், போனது கண்ணுக்கும் தெரியும், மாற்ற அவகாசம் கிடைக்கும். இன்று நம் கிரேனில் ஓடுவது அந்த ரோப்பின் பேரப்பிள்ளை.

அந்த அவகாசம் பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான். ஒவ்வொரு வெடுக்கும் ரோப்பில் ஒரு கம்பியையோ அரைக் கம்பியையோ தின்றுவிட்டுப் போகிறது. கடைசி வெடுக்கு வந்த நாளைத்தான் நாம் அறுந்த நாள் என்கிறோம்.

எண்ணிப் பார்ப்பது எப்படி

மத்திய அரசின் 1998-ஆம் வருடக் கட்டடத் தொழிலாளர் விதிகளில் ஒரு நல்ல அளவுகோல் எழுதியிருந்தார்கள். ரோப்பின் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்தை எடுத்துக் கொள்ள வேண்டும். அந்த நீளத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற அறுந்த கம்பிகள், மொத்தக் கம்பியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த ரோப்பைப் பயன்படுத்தக் கூடாது. 12 மில்லிமீட்டர் ரோப்புக்கு எட்டு மடங்கு என்றால் 96 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நாலு விரல் கடை அகலம். 6 புரி, புரிக்கு 19 கம்பி ரோப் என்றால் மொத்தம் 114 கம்பி. பத்தில் ஒன்று 11. ஆக, நாலு விரல் இடத்துக்குள் 11-க்கு மேல் அறுந்த முனை தெரிந்தால் அந்த ரோப்பின் ஆயுசு முடிந்தது. தேய்மானம், துரு அதிகமாகத் தெரிந்தாலும் அப்படியே. என்னைக் கேட்டால் 11 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து, ஆறு தெரியும்போதே புது ரோப்புக்குப் பணம் ஏற்பாடு செய்யத் தொடங்கிவிடலாம்.

வெறும் கையால் தடவிப் பார்க்காதீர்கள், கம்பி முனை உள்ளங்கையைக் கிழித்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பழைய சேலைத் துணியை ரோப்பில் சுற்றிப் பிடித்து மெள்ள இழுத்துக் கொண்டே போங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே எண்ணுங்கள். தொட்டி கொக்கி மாட்டுகிற கடைசி ஆறடி, கப்பி மேல் உட்காருகிற இடம், டிரம்மில் முதல் சுற்று, இந்த மூன்று இடத்தில்தான் முதலில் போகும்.

இன்னொரு விஷயம், கப்பியைப் பற்றி. இது கிணற்று வேலைக்குப் போகாதவர்களுக்கும், வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர்களுக்கும், கட்டட வேலையில் கப்பி போட்டுச் சாந்துச் சட்டி ஏற்றுகிறவர்களுக்கும் பொருந்தும். 15 கிலோ குடத்தை நீங்கள் கப்பி வழியாகக் கீழ் நோக்கி இழுக்கும்போது, கயிற்றின் ஒரு பக்கம் 15 கிலோ, நீங்கள் இழுக்கிற பக்கம் 15 கிலோ. கப்பி தொங்குகிற உத்திரத்துக்கு இரண்டும் சேர்ந்து 30. வெடுக்கென்று இழுத்தால் அதற்கும் வட்டி இரட்டிப்பு. கயிறு புதுசு என்று நம்பி உத்திரம் உளுத்துப் போனதைக் கவனிக்காமல் விடுகிறோம். கிரேன் கையின் நுனியில் இருக்கும் கப்பிக்கும் இதே கதை. பின்னால் எதிர்ப்பாரம் குறைவாக வைத்த கிரேன், ரோப் அறாமலே முன்னால் கவிழ்வதற்குக் காரணமும் பல சமயம் ஒரு வெடுக்குத்தான்.

தொட்டியை இரண்டு சங்கிலியில் மாட்டித் தூக்கும்போது சங்கிலிகள் செங்குத்தாக இருந்தால் ஆளுக்குப் பாதி. இரண்டும் அகல விரிந்து நடுவில் 120 டிகிரி கோணம் வந்துவிட்டால், ஒவ்வொரு சங்கிலியும் முழு எடையைத் தாங்க வேண்டி வரும். குட்டைச் சங்கிலி போட்டுக் காசு மிச்சம் பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நம்ம பாட்டிமார் காலத்துக் கவலையை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1932-இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து, பிறகு கோயமுத்தூரிலேயே மோட்டார் செய்ய ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கவலை மறைந்தது. அதற்கு முன் ஏர் மாட்டைப் பூட்டிக் கவலைதான். மாடு சரிவான வாரியில் கீழ் நோக்கி இறங்கும், ஓட்டுகிறவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து கொள்வார். மாட்டின் எடையும் ஆளின் எடையும் இழுவைக்குத் துணை. பறி தண்ணீருக்குள் இருக்கும்போது தண்ணீரே அதைத் தாங்கும். வெளியே வர வரத்தான் எடை ஏறும். மாடு எட்டு வைத்து நடப்பதால் வேகமும் மெள்ளத்தான் ஏறும். நல்ல கவலைக்காரர் மாட்டை அதட்டி ஓட்ட மாட்டார் என்று வயசானவர்கள் சொல்வார்கள். மாட்டுக்காக என்று நினைத்திருந்தேன். வடக்கயிறுக்காகவும்தான். டீசல் எஞ்சினுக்கு அந்த நிதானம் தானாக வராது, லீவர் பிடித்த கையில் இருந்துதான் வர வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்றில் இருந்து சப்மெர்சிபிள் மோட்டாரைத் தூக்கும்போது செயின் பிளாக் போட்டுத் தூக்குவதும் இதே காரணத்துக்காக. செயின் பிளாக்கில் ஒரு முழம் சங்கிலி இழுத்தால் மோட்டார் ஒரு விரல் கூட ஏறாது. வெடுக்கே வர வழி இல்லை. மாட்டிக் கொண்ட மோட்டாரை டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பைப்பும் போய் மோட்டாரும் போய் போர்குழியும் போய்விடும்.

கிணற்றுக்குள் இறங்குகிற சகோதரிகளுக்கு

தொட்டியில் உட்கார்ந்து இறங்குவது, ஏறுவது வேண்டாம். கல் தூக்கும் ரோப் அறுகிற பாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வேலை வாங்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். ஆள் ஏறுகிற ரோப்புக்குப் பத்தில் ஒரு பங்கு. கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சுரங்கம் போனது, 2001-இல் மூடும் வரைக்கும் அங்கே வேலை செய்தவர்களில் நம் தமிழ் ஜனங்கள் நிறைய. அங்கே ஆள் இறக்க என்று தனி ஏற்பாடு, மணி அடித்துத்தான் இறக்குவது, ஏற்றுவது. நம் கிணற்றுக் கிரேனில் அதெல்லாம் கிடையாது. அது கல்லுக்காகச் செய்தது.

தொட்டி நிரம்பினதும் ரோப் விறைப்பாகும் வரை மெள்ள இழுக்கச் சொல்லுங்கள். விறைத்ததும் ஒரு அடி மட்டும் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். ஏதாவது தப்பு இருந்தால் ஒரு அடி உயரத்திலேயே தெரிந்துவிடும். அந்த நேரத்துக்குள் எல்லோரும் தொட்டிக்கு நேர் கீழே இருந்து விலகி, சுவரில் குடைவு இருக்கும் பக்கம் போய்விடலாம். மேலே சைகை காட்ட ஒரே ஒரு ஆள் போதும். நாலு பேர் நாலு விதமாகக் கத்தினால் கிரேன்காரர் லீவரைப் பதட்டத்தில்தான் தட்டுவார். தொட்டி எங்காவது மாட்டிக் கொண்டால் ரோப்பை விட்டுப் பார்ப்பதற்கு முன்னால் கீழே உள்ளவர்களை ஒதுங்கச் சொல்ல வேண்டும். இதை வேலை தொடங்கும் அன்றே, மாட்டுவதற்கு முன்பே, பேசி வைத்துக் கொள்ளுங்கள். மாட்டின பிறகு பேசினால் யார் காதிலும் ஏறாது.

"நாம சொன்னா மேஸ்திரி கேப்பாருங்களா?" என்று கேட்பீர்கள். ஒரு ஆளாகச் சொன்னால் கேட்க மாட்டார், நாளைக்கு வேலைக்கு வராதே என்பார். ஆறு பேர் சேர்ந்து, "ஒரு அடி தூக்கி நிறுத்தினாத்தானுங்க நாங்க தொட்டி ரொப்புவோம்" என்று சொன்னால் கேட்பார். ரோப் போனால் அவருக்கும் நஷ்டம்தானே. கூலி உயர்வு கேட்பதை விட இது சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் இதில் அவருக்கு ஐந்து பைசா செலவில்லை.

கிணறு வெட்டுபவர்கள், கிணற்றில் தூர் எடுப்பவர்கள் இருவருமே தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து கொள்ளலாம். 18 வயது முடிந்து 60-க்குள் இருக்க வேண்டும். விபத்துக்கு, இயற்கை மரணத்துக்கு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி உண்டு. பெண்கள் பலர் "எங்க வீட்டுக்காரர் பதிஞ்சிருக்காருங்க" என்று விட்டுவிடுகிறார்கள். அவர் பதிவு அவருக்கு. கல் அள்ளுவது நீங்கள் என்றால் உங்கள் பெயரில் தனியாகப் பதிய வேண்டும். புதுப்பிக்கும் தேதியையும் குழு நோட்டில் எழுதி வையுங்கள்.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரேன் வாங்க, கிணறு ஆழப்படுத்தக் கடன் கேட்டு வரும் திட்ட விண்ணப்பங்களில் கிரேன் இருக்கும், எஞ்சின் இருக்கும், டீசல் இருக்கும். ரோப்புக்கு என்று ஒரு வரி இருக்காது. ஓடி ஓடித் தேய்கிற பொருளுக்கு முதலிலேயே பணம் ஒதுக்காவிட்டால், தேய்ந்த ரோப்பே இன்னும் ஒரு மாதம் ஓடும். இனி வரும் விண்ணப்பங்களில் ரோப், கொக்கி, கிளாம்பு என்று தனி வரி போடுங்கள். ரோப் வாங்கின தேதி, கனம், எத்தனை புரி எத்தனை கம்பி, எந்த எந்தத் தேதியில் துணி சுற்றிப் பார்த்தோம், எத்தனை கம்பி அறுந்திருந்தது, இவ்வளவையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தால் போதும்.

கழித்துப் போட்ட பழைய ரோப் யார் வீட்டிலாவது கிடந்தால் ஒரு முழத் துண்டு வெட்டி அடுத்த பகுதிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். புரியைப் பிரித்து உட்கார்ந்து எண்ணிப் பார்ப்போம். ஸ்பிரிங் தராசு நான் கொண்டு வருகிறேன், அரிசிப் பை அந்த ஊர்க் குழு தரட்டும்.